கீல்

ஏழு மணிக்கு விளக்குகள் தாமாக எரியும்.
ஆறு ஐம்பதுக்கே வந்துவிடுவேன்,
கையுறைக்குள் விரல்கள் இன்னும்
சைக்கிள் பிரேக்கைப் பிடித்தபடியே மடங்கியிருக்க.
குரோனிங்கனில் ஜனவரிக்கு
விடிவதில் அவ்வளவு விருப்பமில்லை.

இருபத்துநான்கு பெட்டிகள்.
சத்தம் புகாத பஞ்சுச் சுவர்.
பெட்டிக்கு ஒரு மைக், ஒரு ஃபின்ச் குஞ்சு,
ஒரு பிளாஸ்டிக் அப்பா.
அப்பாவின் வயிற்றில் ஒலிபெருக்கி.
குஞ்சு விசையைக் கொத்தினால் அப்பா பாடுவார்.
நாளுக்கு இருபது முறை.
அதற்குமேல் எத்தனை கொத்தினாலும்
பிளாஸ்டிக், பிளாஸ்டிக்தான்.

என் வேலை காலைகள்.
நேற்று மாலை ஏறக்குறையப் பாட்டாக இருந்தது
இன்று காலை
கைதவறிய பொத்தான் டப்பா.
தூக்கம் வந்து முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டுப் போயிருக்கும்.
மதியத்துக்குள் மறுபடி கோத்து,
இருட்டும்போது
நேற்றைவிட ஒரு நூல் கிட்டே.
எவனுக்குக் காலை மிக மோசமோ
அவனுக்கே கடைசியில் பாட்டு வாய்க்கிறது
என்கிறார் ரென்ஸ்கே, வரைபடத்தில் விரல் வைத்து.
"அப்படியானால் உனக்கு எதிர்காலம் இருக்கிறது"
என்று யெல்மர் என்னைப் பார்த்தான்.
காபிக்கு முன்னால் நான் பேசி
அவன் கேட்டதில்லை.

நானூற்றுப் பதினேழு
மோசத்திலும் மோசம்.
இருமலா பாட்டா என்று
இரண்டு முறை கேட்டு எழுதிக்கொள்வேன்.
அவன் பெட்டிக் கதவுதான் கிறீச்சிடும்,
தினை வைக்கும்போது ஒருமுறை,
தண்ணீர் மாற்றும்போது ஒருமுறை.
அறுபத்தோராம் நாள்
என் பையில் சைக்கிள் சங்கிலி எண்ணெய் இருந்தது.
கீலில் இரண்டு சொட்டு.
நோட்டில் எழுதவில்லை.
எண்ணெய் விடுவதை யார் எழுதுவார்கள்?

தொண்ணூறாம் நாள் பாட்டு உறைந்துவிடும்.
அதன்பின் சாகும்வரை அதே பாட்டு.
அப்பாவுக்கு நான்கு அசை.
நானூற்றுப் பதினேழுக்கு ஐந்து.
ஐந்தாவது, திரையில்
சரிந்து ஏறும் ஒற்றைக் கோடு,
கண்ணாடியில் நகம் இழுத்ததுபோல.
யெல்மர் மைக்கைக் கழற்றி மாட்டினான்.
ரென்ஸ்கே மூலப் பதிவை
ஓர் இரவு முழுக்கக் கேட்டார்.
எந்த அப்பாவிடமும் அது இல்லை.

மூன்றாம் நாள் காலை தினையோடு போனேன்.
தாழ்ப்பாளைத் தொட்டேன்.
கதவு என் கையில் சத்தமின்றித் திறந்தது.
சத்தம்
உள்ளேயிருந்து வந்தது.

நான் உட்கார்ந்தது தரையில் என்பதே
குளிர் ஏறிய பிறகுதான் தெரிந்தது.
அந்தக் கீல் இனி ஒருபோதும் அப்படிப் பேசாது.
நான்தான் வாயடைத்தேன்.
பன்னிரண்டு கிராம் உடம்பு ஒன்று அதை வைத்திருக்கிறது,
பசியாறுவதற்கு முந்தைய நொடியின் பெயராக.
இல்லை, இதுவும் என் கற்பனை.
அதற்கு அது வெறும் ஐந்தாம் அசை.

நோட்டைத் திறந்து,
ஒரு மாதம் பிந்திய ஒரு வரி எழுதினேன்:
நாள் 61, கீலுக்கு எண்ணெய்.
ரென்ஸ்கே திட்டவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம்.
கட்டுரையில் அவன் அடிக்குறிப்பு:
ஒரு பறவை கணக்கில் சேர்க்கப்படவில்லை.

கணக்கில் சேராதவர்களைக்
கொல்லைப்புறப் பெரிய கூண்டில் விடுவோம்.
அங்கே ஒரு பெட்டை,
எத்தனையோ நல்ல பாட்டுக்காரர்கள் இருக்க,
இவன் பக்கத்துக் கிளையில் போய் உட்கார்ந்தாள்.
ஏனென்று கேட்க எங்களிடம் நிதி இல்லை.

மே மாதம்.
சீக்கிரம் விடிகிறது, எனக்குத்தான் தாமதம்.
கூண்டின் மூலையில் ஒரு குஞ்சு,
வால் இன்னும் குட்டை,
காலைப் பயிற்சியில் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்க்கிறது.
அந்தக் குப்பைக்கு நடுவே
ஒரு கதவு திறக்கிறது,
பாதி மட்டும்.

இந்தக் கூண்டில் வெறும் வலைதான்.
கீலே கிடையாது.